பாய்மரக் கிளப்: உறுப்பினர் ஆகணுமா, பயிற்சி மட்டும் போதுமா?

சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-லிருந்து இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடத்தில் சேர ஆசைப்படுகிறவர்கள் முதலில் குழம்புவது இந்தக் கேள்வியில்தான்.

செலவு: உறுப்பினருக்கு நுழைவுத் தொகை, அப்புறம் கடலில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் சந்தா. பயிற்சிக்கு ஒரு தடவை கட்டினால் போதும்.

சேர்வது: தனியார் கிளப்பில் பொதுவாக முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், பிறகு கமிட்டியின் சம்மதம் என்று நாளாகும். பயிற்சிக்குப் பெயர் கொடுத்தால் போதும்.

பொறுப்பு: இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. உறுப்பினர் ஆகிவிட்டால், நீங்கள் கூட்டிவரும் விருந்தாளி என்ன செய்தாலும் அது உங்கள் கணக்கு. பயிற்சிக்கு வருபவருக்கு அந்தச் சுமை கிடையாது, ஆனால் தண்ணீரில் ஒழுங்கு இருவருக்கும் ஒன்றுதான்: படகின் இடப்பக்கம் காற்று வாங்கிப் போகிறவர் வலப்பக்கம் காற்று வாங்கி வருபவருக்கு வழிவிட வேண்டும், கப்பல் வந்தால் தூரமாக விலக வேண்டும். கரையேறியதும் கப்பியிலும் கயிற்றிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவாமலும், பக்கத்துப் படகைத் தூக்கக் கை கொடுக்காமலும் கிளம்புகிறவர் எவ்வளவு பணம் கட்டினாலும் எனக்கு உறுப்பினராகத் தெரியமாட்டார்.

(கிளப்புக்குள் வேட்டிக்குத் தடை போட முடியாது, தமிழ்நாட்டில் 2014-லேயே சட்டம் வந்துவிட்டது.)

குழந்தைக்கு என்றால் பயிற்சிதான். சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் என்ற சின்னப் பாய்மரப் படகின் போட்டியே 15 வயது வரைதான். வாராவாரம் ஞாயிறு காலை கடலுக்கு வருவேன் என்று ஒரு வருடம் வந்து காட்டியவர் தாராளமாக உறுப்பினர் ஆகலாம்.