தளம் திறக்கவில்லை, லாகின் ஆகவில்லை: நான்கு வழிகளில் எதை முதலில் எடுப்பது?

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துபவர், வடசேரியில் கோயில் நகை செய்து விற்பவர், மார்த்தாண்டத்திலிருந்து தேன் அனுப்புபவர் எனப் பலரும் இன்று ஹோஸ்டிங் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) வாங்கி, அதில் தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவி, சொந்தமாகத் தளம் வைத்திருக்கிறார்கள். அமைத்துக் கொடுத்தவர் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போயிருப்பார். ஒரு நாள் பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் லாகின் பக்கமே திரும்பத் திரும்ப வரும். இல்லையென்றால் தளம் முழுவதும் வெள்ளையாக நிற்கும்.

அப்போது கையில் இருக்கும் வழிகள் நான்கு. வேர்ட்பிரஸ் தானாக அனுப்பும் ரெக்கவரி மெயில் ஒன்று. ஹோஸ்டிங் கணக்கோடு வரும், சர்வரைப் பிரவுசரிலிருந்தே கையாளும் சிபேனல் இரண்டாவது. எஸ்எஸ்எச் (சர்வரோடு பாதுகாப்பான நேரடி இணைப்பு) வழியாகக் கட்டளை கொடுப்பது மூன்றாவது. பழைய பேக்கப்பை எடுத்துப் போடுவது நான்காவது. புதியவர்களில் பெரும்பாலோர் நான்காவதில்தான் போய் விழுகிறார்கள், ஒரே பட்டனில் முடிந்துவிடும் என்பதால். நால்வழியிலும் அதிக இழப்பைத் தரக்கூடியது அதுதான்.

பழுது தளத்தில்தானா?

எந்த வழியையும் தொடுவதற்கு முன், போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்து, அலுவலக பிராட்பேண்டில் மட்டும் திறக்காவிட்டால், தளத்தில் கை வைக்க வேண்டியதில்லை. தவறான பாஸ்வேர்டு பலமுறை போனதால் ஹோஸ்டிங் சர்வரின் ஃபயர்வால் உங்கள் ஐபி முகவரியைத் தடுத்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய பாஸ்வேர்டோடு யாருடைய போனிலாவது மெயில் ஆப் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே நிலைதான். ரிசப்ஷன் கம்ப்யூட்டர், மேனேஜர் போன், கேமரா எல்லாம் ஒரே இணைப்பில், ஒரே ஐபியில் வெளியே போவதால் ஒருவர் செய்த தவறு எல்லாரையும் பூட்டிவிடும். ஹோஸ்டிங் சப்போர்ட்டிடம் ஐபியைக் கொடுத்து நீக்கச் சொன்னால் போதும். மெயில் ஆப்பில் பாஸ்வேர்டைத் திருத்தாமல் விட்டால் மறுபடியும் பூட்டிக்கொள்ளும்.

இரண்டு இணைப்பிலும் திறக்கவில்லையென்றால் திரையில் வந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 500 வந்தால் பெரும்பாலும் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்), தீம் (தளத்தின் தோற்றம்) அல்லது சர்வருக்கான விதிகள் உள்ள எச்டிஆக்சஸ் கோப்பில் கோளாறு. 502, 504 என்றால் சர்வரில் வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி விழுந்திருக்கிறது அல்லது பதில் சொல்ல நேரம் போதவில்லை. 508 என்றால், பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் உங்களுக்கு ஒதுக்கிய அளவு தீர்ந்துவிட்டது. முகப்புப் பக்கம் மட்டும் திறந்து உள்பக்கங்கள் எல்லாம் 404 காட்டினால் பெர்மாலிங்க், அதாவது பக்கங்களின் முகவரி அமைப்பில் சிக்கல்.

ரெக்கவரி மெயில்: வந்தால் நல்லது

2019இல் வெளியான வேர்ட்பிரஸ் 5.2 முதல் இந்த வசதி உள்ளது. ஒரு பிளகினோ தீமோ தளத்தை நிறுத்திவிட்டால், நிர்வாகி மெயிலுக்கு ஒரு தனி இணைப்பு போகும். இயல்பான அமைப்பில் அது ஒரு நாள் செல்லும். அதன் வழியாக உள்ளே போனால் கோளாறான பிளகின் உங்களுக்கு மட்டும் நிறுத்தி வைக்கப்படும். நீங்கள் டீஆக்டிவேட் செய்யும்வரை மற்றவர்களுக்குத் தளம் உடைந்தே தெரியும். உள்ளே போனதும் எல்லாம் சரியாகத் தெரிகிறதே என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த நிர்வாகி மெயில் பெரும்பாலும் தளம் அமைத்துக் கொடுத்தவருடையதாக இருக்கும். உங்களுடையதாகவே இருந்தாலும், ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து நேரடியாகக் கிளம்பும் மெயில் ஸ்பேமில் போய் விழலாம், வராமலே போகலாம். பாஸ்வேர்டு மறந்தால் வர வேண்டிய ரீசெட் மெயிலும் இதே பாதையில்தான் வருகிறது. ஆகவே இரண்டும் சேர்ந்தே தொலையும். டேட்டாபேஸ் கோளாறு, ரீடைரக்ட் சுழல் (ஒரு முகவரியிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பத் திரும்ப அனுப்புவது), குக்கி (லாகின் ஆனதைப் பிரவுசர் நினைவில் வைக்கும் குறிப்பு) சிக்கல் ஆகியவற்றுக்கு இந்த மெயில் வரவே வராது.

சிபேனல்: புதியவர் நம்பத்தகுந்த வழி

இதற்கு இரண்டு கருவிகள் போதும்: கோப்புகளுக்கு ஃபைல் மேனேஜர், டேட்டாபேஸுக்கு பிஎச்பிமைஅட்மின். பிரவுசரிலேயே வேலை முடியும். செய்ததைப் பெரும்பாலும் திருப்பிப் போடவும் முடியும். இந்த ஒரு குணத்துக்காகவே முதலிடம் கொடுக்கலாம்.

வெள்ளைத் திரை அல்லது 500 என்றால், பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்று என்பதே எல்லாரும் சொல்லும் அறிவுரை. வேலை செய்யும்தான். ஆனால் முழு ஃபோல்டரின் பெயரையும் மாற்றிவிட்டு நிர்வாகப் பக்கத்தில் பிளகின் பட்டியலைத் திறந்தால், அத்தனை பிளகினும் டீஆக்டிவேட் ஆகிவிடும். பெயரைத் திருப்பிப் போட்டாலும் ஒவ்வொன்றாக ஆக்டிவேட் செய்ய வேண்டும். அறை முன்பதிவு, பணம் செலுத்தும் பிளகின் எல்லாம் அதுவரை நிற்கும்.

அதைவிட நல்ல வழி, முதலில் லாகை, அதாவது சர்வரின் பிழைப் பதிவைப் படிப்பது. பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டருக்குள் எரர் லாக் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதன் கடைசி வரிகளில் ஃபேட்டல் எரர் என்பதற்குப் பக்கத்தில், எந்தக் கோப்பில் எந்த வரியில் நின்றது என்று முழுப் பாதையும் இருக்கும். அந்தப் பாதையில் வரும் பிளகின் ஃபோல்டர் ஒன்றை மட்டும் பெயர் மாற்றினால் போதும். மற்றவை தொடர்ந்து ஓடும். ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பியை 7.4இலிருந்து 8க்கு ஏற்றிய பிறகு தளம் விழுந்திருந்தால், லாகில் பழைய பிளகின் ஒன்றின் பெயர்தான் பெரும்பாலும் வரும். கிரியேட் ஃபங்ஷன், ஈச் போன்ற பழைய பிஎச்பி வசதிகள் 8இல் நீக்கப்பட்டுவிட்டதே காரணம். அந்த பிளகினைப் புதுப்பிக்கும்வரை சிபேனலில் பிஎச்பி பதிப்பைத் தற்காலிகமாகக் கீழே இறக்கலாம். 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன, அதனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது.

லாகே இல்லையென்றால் வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் டீபக் அமைப்பை ட்ரூ என மாற்றி, லாகில் எழுதச் சொல்லி, திரையில் காட்டுவதை நிறுத்தி வையுங்கள். இந்த லாக் டபிள்யூபி கன்டென்ட் ஃபோல்டருக்குள் உருவாகும். முகவரி தெரிந்த யாரும் பிரவுசரில் திறந்து படித்துவிட முடியும் என்பதால் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

எச்டிஆக்சஸ் கோப்பு கண்ணில் படாது. புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் ஃபைல் மேனேஜரின் செட்டிங்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதை டிக் செய்ய வேண்டும். அதன் பெயரை மாற்றிவிட்டு, உள்ளே போய் பெர்மாலிங்க் பக்கத்தில் சேவ் அழுத்தினால் புதியது உருவாகும். 404 சிக்கலும் இதிலேயே தீரும். பராமரிப்புக்காகச் சற்று நேரம் மூடப்பட்டுள்ளது என்ற ஆங்கில வரி மட்டும் நின்றால், அப்டேட் பாதியில் அறுந்திருக்கிறது. அதே இடத்தில் மெயின்டெனன்ஸ் என்ற மறைந்த கோப்பு இருக்கும். வேர்ட்பிரஸ் பத்து நிமிடத்துக்கு மேல் அதை மதிப்பதில்லை, காத்திருக்க முடியாதவர்கள் அழித்துவிடலாம். பிறகு அந்த அப்டேட்டை மறுபடி ஓட்டுங்கள்.

பாஸ்வேர்டு மறந்து மெயிலும் வராவிட்டால் பிஎச்பிமைஅட்மின். யூசர்ஸ் என்று முடியும் டேபிளைத் திறந்து, உங்கள் வரியில் எடிட் கொடுத்து, பாஸ்வேர்டு கட்டத்தில் புதியதை டைப் செய்யுங்கள். பக்கத்திலுள்ள ஃபங்ஷன் பட்டியலில், பாஸ்வேர்டைக் குறியீடாக மாற்றும் எம்டி5ஐத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். அதை விட்டால் எழுத்துகள் அப்படியே பதிந்து, எத்தனை முறை போட்டாலும் தவறு என்றே வரும். எம்டி5 பலவீனமானது. முதல் லாகினிலேயே வேர்ட்பிரஸ் அதை வலுவான முறைக்கு மாற்றிக்கொள்ளும், அதனால் மாற்றிய கையோடு உள்ளே போய்விடுங்கள். எந்த டேபிளைத் தொட்டாலும் முதலில் எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள்.

லாகின் சுழல்: தனியாகப் பார்க்க வேண்டியது

பாஸ்வேர்டு தவறு என்றும் சொல்லாமல், உள்ளேயும் விடாமல், லாகின் பக்கமே திரும்ப வருவதுதான் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது. இதற்கு மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, முகவரி முரண். டேட்டாபேஸில் ஆப்ஷன்ஸ் என்று முடியும் டேபிளில், தளத்தின் முகவரியைச் சொல்லும் சைட் யூஆர்எல், ஹோம் என்று இரண்டு வரிகள் உண்டு. ஒன்றில் மூன்று டபிள்யூ இருந்து மற்றதில் இல்லாமலோ, ஒன்று எச்டிடிபி மற்றது எச்டிடிபிஎஸ் என்றோ இருந்தால், ஒரு முகவரிக்குக் கொடுத்த குக்கி மற்றதில் செல்லாது. பொதுவாக இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கேஷ், அதாவது பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்து விரைவாகக் காட்டுவது. கேஷ் பிளகினோ, பல ஊர்ச் சர்வர்களில் நகல் வைத்து வழங்கும் சிடிஎன் சேவையோ லாகின் பக்கத்தையும் சேமித்து வைத்தால் பழைய பக்கமே திரும்ப வரும். லாகின், நிர்வாகப் பக்கங்களைக் கேஷிலிருந்து விலக்குங்கள்.

மூன்றாவது, தளத்துக்கு முன்னால் நிற்கும் இடைச் சேவையான கிளவுட்ஃப்ளேரின் ஃப்ளெக்ஸிபிள் அமைப்பு. பிரவுசரிலிருந்து கிளவுட்ஃப்ளேர் வரை எச்டிடிபிஎஸ், அங்கிருந்து உங்கள் சர்வர் வரை வெறும் எச்டிடிபி. சர்வர் அதைப் பார்த்து, எச்டிடிபிஎஸ்ஸில் வா என்று திருப்பி அனுப்பும். மறுபடியும் எச்டிடிபியாகவே வந்து சேரும். முடிவில்லாமல் சுற்றி, பிரவுசர் கைவிட்டு ரீடைரக்ட் அதிகம் என்று சொல்லிவிடும். முதலில் சர்வரில் எஸ்எஸ்எல் சான்றிதழ் போட்டுவிட்டு, பிறகு ஃபுல் ஸ்ட்ரிக்ட் என்று மாற்ற வேண்டும். வரிசை மாறினால் 526 போன்ற பிழை வரும்.

செக்யூரிட்டி பிளகின் லாகின் முகவரியை மாற்றி வைத்திருப்பதும் உண்டு. வழக்கமான முகவரி 404 காட்டினால் அதைச் சந்தேகியுங்கள். இவற்றில் எதற்கும் பேக்கப் தேவையே இல்லை.

கட்டளை வழி: வேகம் உண்டு, மன்னிப்பு இல்லை

வேர்ட்பிரஸைக் கட்டளையால் இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ இருந்தால் எல்லா பிளகினையும் நிறுத்துவது, பாஸ்வேர்டு மாற்றுவது, வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகள் அசலோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பது எல்லாம் ஒவ்வொரு வரி. பிளகின்களை ஏற்றாமலே கட்டளையை ஓட்டும் வசதியும் உண்டு. தளம் முற்றிலும் விழுந்திருக்கும்போது இது பெரிய உதவி. ஆனால் தவறாக அழித்த கோப்புக்கு இங்கே குப்பைத்தொட்டி கிடையாது.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, சர்வரில் முழு அதிகாரம் உள்ள ரூட் யூசராக நின்று வேலை செய்வது. டபிள்யூபி-சிஎல்ஐ ரூட்டில் ஓட மறுக்கும். அதை மீறி ஓட்டினால், உருவாகும் கோப்புகள் ரூட்டின் பெயரில் நின்று, அடுத்த அப்டேட்டில் ஃபோல்டர் உருவாக்க முடியவில்லை என்று தளம் அழும். அதைச் சரிசெய்ய, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற 777 அனுமதி கொடுப்பது அடுத்த தவறு. சில ஹோஸ்டிங்கில் அதுவே 500 பிழையைக் கொண்டுவரும். ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644, இதற்கு மேல் வேண்டாம்.

இந்த வழிக்கு நிகரில்லாத இடம் ஒன்று உண்டு: சொந்த விபிஎஸ்ஸில் (உங்களுக்கென்று பிரித்துத் தரப்படும் சர்வர்) வரும் டேட்டாபேஸ் இணைப்புப் பிழை. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இது வந்தால், டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட் என்ற நான்கும் கான்ஃபிக் கோப்பில் சரியா என்று பார்த்து, சரி என்றால் சப்போர்ட்டிடம் சொல்வதோடு உங்கள் வேலை முடிந்தது. 1 ஜிபி மெமரி உள்ள விபிஎஸ்ஸில், மெமரி தீர்ந்ததும் சர்வரை இயக்கும் லினக்ஸே, டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லைக் கொன்றுவிடும். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் வரும் சீசனில் லாட்ஜ் தளங்களுக்கு இது நடக்கும் வாய்ப்பு அதிகம். மீண்டும் துவக்கினால் எழும், கூட்டம் வந்ததும் மறுபடி விழும். 1 முதல் 2 ஜிபி ஸ்வாப் (மெமரிக்கு உதவியாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) சேர்த்து, பக்கங்களுக்குக் கேஷ் வைத்தால் தாங்கும். டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். பேக்கப் பிளகின் சேர்த்து வைத்த ஜிப் கோப்புகளால் டிஸ்க் நிரம்பினால் லாகினும் நின்றுபோகலாம்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. கரண்ட் போய் ரூட்டர் அணைந்தால் ஓடிக்கொண்டிருந்த கட்டளையும் நின்றுவிடும். இணைப்பு அறுந்தாலும் கட்டளையை ஓட்டிக்கொண்டிருக்கும் ஸ்கிரீன் அல்லது டீமக்ஸ் கருவிக்குள் ஓட்டினால் சர்வரில் தொடரும். கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் எஃப்டிபி வழியில் ஆயிரக்கணக்கானவற்றை ஏற்றும்போது அறுந்தால் பாதி புதிது, பாதி பழையது என்று தளம் உடையும். ஜிப்பாக ஏற்றி சிபேனலில் எக்ஸ்ட்ராக்ட் செய்வது இந்த மழைக்காலத்துக்கு ஏற்றது.

பேக்கப்: எப்போது நியாயம்?

நேற்று இரவு எடுத்த பேக்கப்பை இன்று மாலை போட்டால், இன்று வந்த முன்பதிவுகள் டேட்டாபேஸிலிருந்து மறைந்துவிடும். யூபிஐயில் பணம் வந்திருக்கும், அறை காலி என்று தளம் சொல்லும், அதே அறையை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவீர்கள். சூரிய உதயம் பார்க்க விடிவதற்கு முன்பே குழந்தைகளோடு வந்து இறங்கும் குடும்பம் வாசலில் நிற்கும். ஒரு பிளகினின் பெயரை மாற்றினால் தீர்ந்திருக்கும் பிழைக்கு இந்த விலை கூடாது.

பெரும்பாலான பேக்கப் பிளகின்களில் கோப்புகளைத் தனியாகவும் டேட்டாபேஸைத் தனியாகவும் மீட்க முடியும். அப்டேட்டுக்குப் பிறகு உடைந்த தளத்துக்குப் பெரும்பாலும் கோப்புகள் மட்டும் போதும், அதிலும் அந்த ஒரு பிளகின் ஃபோல்டர் போதும். தளம் ஹேக் ஆகியிருந்தாலோ, டேபிள்கள் அழிந்திருந்தாலோ முழுமையாக மீட்பது நியாயம். அப்போதும் தற்போதைய டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எந்த வழியும் கைகொடுக்காமல் ஹோஸ்டிங் சப்போர்ட்டுக்கு எழுதும்போது தளம் வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பக்கத்தின் முகவரி, இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு, திரையில் வந்த வாசகம், உங்கள் ஐபி, கடைசியாக மாற்றியது எது, எரர் லாக் கோப்பின் கடைசிப் பத்து வரிகள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். பாஸ்வேர்டை மட்டும் அனுப்ப வேண்டாம்.