1944 ஃபேண்டம் பொம்மை வாங்கப் போகிறீர்களா? உடைசலைக்கூட நகல் எடுத்து விற்கிறார்கள்

1944-ஆம் வருட சிரோகோ ஃபேண்டம் பொம்மை, பீடத்தின் வலது ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு உடைசல், மற்றபடி நல்ல நிலை, என்று யாராவது உங்களிடம் போட்டோ காட்டினால் தயவுசெய்து பணத்தை அனுப்பிவிடாதீர்கள். நான் அனுப்பினேன். வந்தது நகல். அதே நகலை, அதே உடைசலோடு, இன்னும் இரண்டு பேர் வாங்கியிருப்பது பிறகுதான் தெரிந்தது, அதனால்தான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பொம்மை என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் சிரக்யூஸ் ஆர்னமென்டல் கம்பெனி என்று ஒன்று இருந்தது, சுருக்கமாக சிரோகோ. மரத்தூளைப் பிசினோடு கலந்து அச்சில் வைத்து அழுத்தி, கையால் செதுக்கிய மரச்சிற்பம் போலவே பொருட்கள் செய்தவர்கள். 1944-இல் கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட்டின் செய்தித்தாள் சித்திரத் தொடர் பாத்திரங்கள் இதே வகையில் வரிசையாகச் சின்னச் சின்ன பொம்மைகளாக வந்தன, சேகரிப்பாளர்கள் அவற்றை சிரோகோ என்றே சொல்வார்கள். பாப்பாய், விம்பி, பிளாண்டி, டாக்வுட், ஜிக்ஸ், மேகி என்று போகும் அந்த வரிசையில் ஃபேண்டமும் உண்டு. லீ ஃபால்க் 1936-இல் தொடங்கிய, தமிழில் நாம் வேதாளர் என்றும் மாயாவி என்றும் படித்த அதே முகமூடிக்காரர்தான். வரிசையில் மற்றவர்கள் அவ்வப்போது கண்ணில் படுவார்கள், ஃபேண்டம் அபூர்வம். பல வருடம் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காத பொருள் என்றால் எவ்வளவு விலை சொன்னாலும் நியாயமாகத்தான் தோன்றும், மோசடி செய்பவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

விற்றவர் எனக்கு நேரடியாகத் தெரிந்தவர் இல்லை, இன்னொரு சேகரிப்பாளர் மூலம் அறிமுகம். பேச்சில் அவ்வளவு விவரம். எந்தப் பாத்திரத்தின் பெயிண்ட் எங்கே முதலில் உதிரும், எது ஈரத்தில் வெடிக்கும் என்றெல்லாம் சொன்னார், சொன்னது எல்லாமே சரி. நானும் சும்மா நம்பிவிடவில்லை. என் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பொம்மை பக்கத்தில் வைத்துப் போட்டோ கேட்டேன், அரை மணி நேரத்தில் வந்தது. அடிப்பகுதியைக் கேட்டேன், உரிமைக் குறியும் 1944 என்ற எண்ணும் கூர்மையாகத் தெரியும்படி எடுத்து அனுப்பினார். உடைசலைக் கிட்டத்தில் காட்டச் சொன்னேன், உள்ளே பழுப்பு நிற மரத்தூள் கலவை அப்படியே தெரிந்தது. அசலில் அப்படித்தான் இருக்கும். மேலே பெயிண்ட், அது போன இடத்தில் பழுப்பு.

சரி என்று ஒப்புக்கொண்டேன். அப்போதுதான் பணம் அனுப்பும் வழியைப் பற்றிப் பேச்சு வந்தது. வாங்குபவருக்குப் பாதுகாப்பு உள்ள வழியில் அனுப்பினால் அவருக்குக் கட்டணம் பிடிக்கிறார்களாம், பணம் கைக்கு வரவும் நாளாகிறதாம், நேரடியாகக் கணக்கில் போட்டால் விலையில் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்கிறேன் என்றார். நான் அந்தப் பத்தில் ஒரு பங்கைப் பார்த்தேன். மொத்தப் பணமும் போனது அந்த இடத்தில்தான், வேறு எங்கும் இல்லை.

பார்சல் நன்றாகக் கட்டப்பட்டு வந்தது. பிரித்தவுடன் முதலில் பார்த்தது உடைசலைத்தான். போட்டோவில் இருந்த அதே இடம், அதே வடிவம், ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகி ஒரு துளி விழுந்தது போல. மனசு குளிர்ந்துவிட்டது. போட்டோவில் காட்டியதைத்தான் அனுப்பியிருக்கிறார் என்று அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன், திரும்பி வர மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வந்த பிறகு, இந்த வரிசையில் பன்னிரண்டு பொம்மை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முகமூடியைப் பார்க்கவில்லை, தலைகீழாகத் திருப்பி உடைசலில் நகத்தை வைத்து மெதுவாக வருடினார். பிறகு என் கையில் கொடுத்து, "நீங்க தடவிப் பாருங்க தம்பி" என்றார். வழவழவென்று இருந்தது. அவருடைய விம்பியில் குல்லா ஓரத்தில் ஒரு உடைசல் உண்டு, அதைத் தடவச் சொன்னார். சொரசொரவென்று, பிஸ்கட்டை உடைத்த இடம் போல, நகத்தில் துளித் தூள்கூட ஒட்டியது. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்தார். என் பொம்மையின் உடைசலுக்குள் இருந்த பழுப்பு, பெயிண்ட். மெல்லிய தூரிகையால் ஒரு சொட்டு வைத்திருக்கிறார்கள், மேல் ஓரத்தில் இம்மி அளவு வழிந்து பக்கத்து நிறத்தின் மேல் ஏறியிருந்தது. அந்த வழிசலைத்தான் நான் மூன்று வாரம் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

அதாவது உடைசல் அச்சிலேயே இருக்கிறது. அசல் பொம்மையைச் சிலிக்கான் ரப்பரில் முக்கி அச்சு எடுத்தால் அதன் கீறல், உடைசல், எல்லாமே அச்சில் பதிந்துவிடும். அதில் ரெசினை, அதாவது ஊற்றியபின் இறுகிவிடும் பிளாஸ்டிக் திரவத்தை, ஊற்றினால் உடைசலோடு சேர்த்து நகல் வந்துவிடும், உள்ளே பழுப்பு பூசினால் முடிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அடியில் 1944-இல் இருக்கும் இரண்டு 4-களுக்குள்ளும் இருக்க வேண்டிய குட்டி முக்கோண இடைவெளி பாதி அடைந்திருந்தது. போட்டோவில் அது சுத்தமாகத் திறந்திருந்தது. அடிப்பகுதியில் ஊசி முனையால் குத்தியது போல ஏழெட்டுத் துளைகள், ரெசின் ஊற்றும்போது மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ்கள். அழுத்தி வார்த்த மரத்தூள் பொம்மையில் அப்படிக் குமிழ் வராது. கடைசியில் பெரியவரே கேட்டார், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் லேசாகச் சுரண்டவா என்று. சரி என்றேன். உள்ளே வெள்ளை. தயிர் மாதிரி வெள்ளை.

புற ஊதா டார்ச்சிலும் பார்த்தோம். பீடத்தின் வெளிர் நிறப் பகுதி நீலமாக ஒளிர்ந்தது, அவருடைய பொம்மைகளில் எதுவும் அப்படி ஒளிரவில்லை. ஆனால் இதை மட்டும் நம்பி யாரும் முடிவுக்கு வர வேண்டாம். நவீன பெயிண்டுகளில் பல இப்படி ஒளிரும், ஆனால் எல்லாமே ஒளிரும் என்று இல்லை, அதனால் ஒளிரவில்லை என்றால் பழையது என்று அர்த்தம் இல்லை. அசலிலேயே எப்போதோ யாராவது பெயிண்டைத் தொட்டுச் சரிசெய்திருந்தாலும் அந்த இடம் ஒளிரலாம். எடையும் அப்படித்தான், ரெசினில் என்ன தூள் கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எடை மாறிவிடும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், அசலாக இருந்தால் நீங்களே அதைக் கெடுத்த மாதிரி ஆகும்.

அன்றே விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில் மரியாதையாகத்தான் வந்தது: "பழைய பொருள், திரும்ப வாங்க மாட்டேன்னு முதல்லயே சொன்னேனே சார்." இது பழைய பொருளே இல்லை என்பதுதான் என் புகார் என்று எழுதி, உருப்பெருக்கிப் போட்டோக்களை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்த பதில்தான் என்னை உடைத்துப் போட்டது. நான் அனுப்பியது அசல், அதை எடுத்துக்கொண்டு நகலைக் காட்டிப் பணம் கேட்கிறீர்கள், மூன்று வாரம் எதற்குச் சும்மா இருந்தீர்கள், பிரித்தபோது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டிருந்தார். வீடியோ இல்லை. என்னிடம் பதில் இல்லை. ஏமாந்தவன் நான், திருடன் என்று பெயர் வாங்கியதும் நான். அதன்பின் அவருடைய எண்ணும் இல்லை, கணக்கும் இல்லை. வங்கியில் கேட்டேன். நீங்களே விரும்பி அனுப்பிய பணம், எங்களால் திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. "தேதி எழுதிப் போட்டோ கேளுங்கள்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் புதியவர்களுக்கு அதைத்தான் சொல்லிவந்தேன். இணையத்தில் திருடிய போட்டோவைக் காட்டி விற்பவனைப் பிடிக்க அது உதவும். இந்த ஆளிடம் உதவாது, ஏனென்றால் அசல் பொம்மை அவரிடமே இருக்கிறது. தேதியோடு போட்டோ, நேரலை வீடியோ, தராசில் வைத்து எடை, எதைக் கேட்டாலும் அசலை வைத்துக் காட்டுவார், பார்சலில் போடுவது மட்டும் நகல். அதனால் போட்டோவை எவ்வளவு நேரம் ஆராய்ந்தாலும் பிரயோஜனம் இல்லை. காப்பாற்றக்கூடியது இரண்டே விஷயம்: பணத்தைத் திரும்பக் கேட்க முடிகிற வழியில் அனுப்புவது, பார்சலை முத்திரையோடு காட்டத் தொடங்கி நிறுத்தாமல் வீடியோ எடுத்துக்கொண்டே பிரிப்பது. பிரித்த அன்றே, புகார் செய்யும் கெடு முடிவதற்கு முன், உடைசலையும் எழுத்துகளையும் அடிப்பகுதியையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். போட்டோவும் பொருளும் ஒன்றாக இருக்கிறதா என்று நான் பார்த்தது போதவில்லை, உடைசலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

வேறு வகைப் பொம்மைகளிலும் இதே கதை நடக்கிறது. ஜெர்மனியில் 1920-களிலும் 30-களிலும் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய தலையாட்டிப் பீங்கான் பொம்மைகள் இருக்கின்றன அல்லவா, ஆண்டி கம்ப், ஆர்ஃபன் ஆனி போன்ற சித்திரத் தொடர் பாத்திரங்கள் எல்லாம், முதுகில் பாத்திரத்தின் பெயரும் ஜெர்மனி என்ற சொல்லும் பதித்திருக்கும். அதில் நகலைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சுலபம். களிமண் சுடும்போது சுருங்கும், ஆகவே அசலிலிருந்து அச்சு எடுத்து மறுபடி சுட்டால் நகல் கண்ணுக்குத் தெரிகிற அளவு சின்னதாக வரும். அசல் வைத்திருப்பவரிடம் உயரத்தை அளந்து தரச் சொல்லிவிட்டு வாங்குங்கள். தலையைப் பிடித்திருக்கும் எலாஸ்டிக் புதிதாக இருந்தால் பயப்பட வேண்டாம், பழையது இற்றுப்போய் மாற்றுவது சாதாரணம்.

ரெசினில் இந்தச் சுருக்கம் மிகக் குறைவு, உயரத்தை அளந்து கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, நகல் வேறு, புதிய வரிசை வேறு. டார்க் ஹார்ஸ் நிறுவனம் 2000-ஐ ஒட்டிய வருடங்களில் தொடங்கி பழைய சிரோகோ பாணியிலேயே சித்திரத் தொடர் பாத்திரங்களைச் செய்து, எண் போட்டு, படம் அச்சிட்ட டின் பெட்டியில் வைத்து, கூடவே ஒரு பேட்ஜும் சின்னப் புத்தகமும் கொடுத்து விற்றது. அது நேர்மையான சரக்கு. அதில் வந்த கிரேஸி கேட் என்ற பூனை என் அலமாரியில் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பொம்மைகளில் ஒன்று. ஆனால் டின்னும் புத்தகமும் இல்லாமல் தனியாக வரும்போது, விவரம் தெரியாதவர் தலையில் அதை 1940-கள் என்று கட்டிவிடுவது சுலபம். அடிப்பகுதி தேய்க்கப்பட்டிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

ஸ்னூப்பி, அதாவது பீநட்ஸ் சித்திரத் தொடரின் நாய்ப் பொம்மை, வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடியில் 1958, 1966 என்று இருந்தால் அது பொம்மை செய்த வருடம் இல்லை, பாத்திரத்தின் அந்த வரைவுக்கு உரிமை பதிந்த வருடம். பல பத்தாண்டு கழித்துச் செய்ததிலும் அதே எண்கள்தான் இருக்கும். யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். யுனைடெட் ஃபீச்சர் என்று இருந்தால் பழைய உரிமையாளர் காலம், பீநட்ஸ் வேர்ல்ட்வைட் என்று இருந்தால் 2010-இல் உரிமை கைமாறிய பிறகு வந்தது. "1958 ஸ்னூப்பி" என்று விலை சொல்கிற எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், பாதிப் பேருக்கே தெரியாது, ஆனாலும் பணம் போவது உங்களுடையது.

இந்த ஃபேண்டத்தை ஏற்கனவே வாங்கியிருப்பவர்கள் பீடத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். துளி வடிவில் உடைசல், அகன்ற பக்கம் பின்னால், கூரான பக்கம் முன்னால். அடியில் முதல் 4-ஐத் தொட்டுக்கொண்டு மேல்நோக்கிப் போகும் மயிரிழைக் கீறல் ஒன்றும் உண்டு, அதுவும் அச்சிலிருந்து வந்தது, மூன்று பொம்மையிலும் ஒரே மாதிரி இருக்கிறது. இந்த இரண்டும் இருந்தால் உங்கள் கெடு முடிவதற்குள் இன்றே புகார் கொடுங்கள். மற்ற இருவரும் நானும் எங்கள் போட்டோக்களை ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறோம், கேட்டால் தருகிறோம்.

என்னிடம் இருப்பதை ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார், நகல் என்று தெரிந்தேதான் கேட்டார். கொடுக்கவில்லை. அவரிடமிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது நகல் என்ற சொல் கூடவே போகும் என்று என்ன நிச்சயம்? சின்னத் துளையிடும் கருவியால் அடிப்பகுதியில், 1944-க்கு நேர் மேலே, "நகல்" என்று ஆழமாகச் செதுக்கிவிட்டேன்.