லெஃப்ட் 4 டெட் 2: சுவரை வாசிக்காமல் ஓடாதீர்கள்

லெஃப்ட் 4 டெட் 2 பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "மச்சான், நல்ல கேம், ஆனா கதை ஒண்டும் இல்லை, நாலு பேர் சேர்ந்து ஜோம்பியைச் சுட்டுக்கொண்டு ஓடுறதுதான்." நல்ல கேம் என்பது சரி. கதை இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2009 நவம்பரில் வந்த ஒரு கேமின் கதையைப் பற்றி இன்றைக்கும் ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள், ஒரே ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள் என்றால், அவ்வளவும் இல்லாத கதைக்கா? ஆகவே துவக்கு எப்படி, கிராஃபிக்ஸ் எப்படி என்பதை எல்லாம் கெதியாக முடித்துவிட்டு, கதையையும் அதைச் சுற்றி ரசிகர்கள் கட்டி வைத்திருக்கிற தியரிகளையும்தான் இங்கே பார்க்கப் போகிறேன். யார் சாகிறார், யார் தப்புகிறார் எல்லாம் வரும். ஒன்றும் தெரியாமல் விளையாட ஆசை என்றால் இதோடு நிறுத்திவிடுங்கள்.

முதலில் வாங்குகிற விஷயம். ஸ்டீம் என்கிற ஒன்லைன் கேம் கடையில் வழமையான விலை 9.99 டொலர், ஆனால் பெரிய தள்ளுபடி வரும்போது இரண்டு டொலருக்குக் கீழே இறங்கிவிடும், கொஞ்சம் பொறுத்தால் காசு மிச்சம். 2008 இல் வந்த முதலாம் பாகத்தைத் தனியாக வாங்கத் தேவையில்லை, அதன் கம்பெய்ன்கள், அதாவது தனித்தனிக் கதைப் பகுதிகள், எல்லாம் பழைய நாலு பேரோடேயே இரண்டாம் பாகத்துக்குள் இருக்கின்றன. 13 ஜிபி இடம் போதும், கந்தோர் வேலைக்கென்று வாங்கிய லப்டொப்பிலும் ஓடும். கொழும்பில் இருந்து ஒன்லைனில் விளையாடினால் பிங் ஒருநாள் நன்றாக இருக்கும், இன்னொரு நாள் நீங்கள் சுட்டு முடித்துத் திரும்பிய பிறகுதான் ஜோம்பி விழும். வெள்ளவத்தையில் யாராவது ஒருவர் வீட்டில் நாலு பேர் கூடி, ஒரே ரவுட்டரில் கொழுவி விளையாடினால் அந்தத் தலையிடியே இல்லை. சுடுகிற அனுபவம்? இத்தனை வருடம் போயும் குறை சொல்ல ஏதும் இல்லை.

சரி, கதைக்கு வருவோம். ஒவ்வொரு கம்பெய்னும் ஒரு சினிமா போஸ்டரோடு தொடங்கும், முடிவில் படம் முடிகிற மாதிரியே பெயர்கள் ஓடி, "இந்தப் படம் எடுக்கையில் இத்தனை ஜோம்பிகளுக்குத் தீங்கு நேர்ந்தது" என்று நக்கலாக ஒரு கணக்கும் வரும். இடையில் யாரும் உங்களை உட்கார வைத்துக் கதை சொல்ல மாட்டார்கள். நடந்தது என்ன என்பதை நீங்கள்தான் பொறுக்க வேண்டும்: ரேடியோவில் வருகிற குரல், நடக்கும்போது அந்த நாலு பேரும் தங்களுக்குள் கதைப்பது, அப்புறம் ஜோம்பிக்குத் தப்பி ஒதுங்குகிற சேஃப் ரூமின் சுவர். எத்தனை ஜோம்பி எப்போது வரும் என்பதை ஏஐ டிரெக்டர் என்கிற ஏற்பாடு உங்கள் நிலைமையைப் பார்த்து அந்தந்த நேரத்தில் முடிவு செய்கிறது. வசனங்களும் ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரி வராது. நீங்கள் கேட்ட வசனம் உங்கள் நண்பருக்கு ஒருநாளும் விழாமல் போயிருக்கலாம், அதனால்தான் இந்தக் கேமில் ஊகங்கள் இவ்வளவு முளைத்தன என்று நான் நினைக்கிறேன், ஆளுக்கொரு துண்டு வைத்திருக்கிறார்கள், சேர்த்துப் பார்க்கக் கதைத்துத்தானே ஆக வேண்டும்.

சுவர்கள் தனி விருந்து. ஒரு சுவரில் யாரோ "உண்மையான அரக்கர்கள் நாங்கள்தான்" என்று பெரிய தத்துவமாக எழுதி வைத்திருப்பார். அதற்குக் கீழே இன்னொருவர், உண்மையான அரக்கர் வெளியில் நிற்கிற அரக்கர்தானடா என்கிற தொனியில் வாரியிருப்பார். அதற்கும் கீழே மூன்றாவது ஆள், இன்டர்நெட் இல்லாதது கவலையாக இருக்கிறதாம். எழுதிய யாரையும் நீங்கள் சந்திக்கப் போவதில்லை. தங்கள் ஆட்களுக்கு எங்கே போகிறோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு, போய்ச் சேர்ந்தார்களா என்பதற்குப் பதில் கிடையாது. காணாமல் போனவர்களின் படங்களை ஏந்திக்கொண்டு தெருவில் நிற்கிற அம்மாமாரைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள், அந்தச் சுவர்களை வெறும் அலங்காரமாக என்னால் கடந்து போக முடியவில்லை.

இனி பெரிய தியரி. தப்பிப் பிழைத்த நாலு பேருக்கும் ஆளை ஜோம்பியாக்குகிற நோய் வராது, சரி, ஆனால் அவர்கள் நோயைக் காவிக்கொண்டு திரிகிறார்களா? முதலாம் பாகத்தில் அவர்களைக் காப்பாற்ற வந்த ஒருவருக்கும் நல்லது நடக்கவில்லை. ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் இருந்து ஏற்றிப்போன ஹெலிகொப்டர் விமானி வழியில் ஜோம்பியாகி, அந்த நாலு பேரில் ஒருத்தியான ஸோயிதான் சுட வேண்டி வந்தது. இரண்டாம் பாகத்தில் வேறு நாலு பேர், வேறு ஹெலிகொப்டர், அதே கதி: களியாட்ட மைதானத்தில் இருந்து ஏற்றிய விமானியை இந்தத் தடவை அந்த நாலு பேரில் ஒருவரான நிக் சுடுகிறார். ஒரு தரம் என்றால் தற்செயல், இரண்டு தரம் ஒரே மாதிரி என்றால் எழுதியவர்கள் கண்ணைக் காட்டுகிறார்கள். கடைசியில் நியூ ஓர்லியன்ஸ் பாலத்தில் இராணுவத்தோடு ரேடியோவில் கதைக்கிறபோது, உங்களுக்குத் தொற்றாதா என்று அவர்கள் விசாரிக்கிறார்கள், காவிகள் என்ற பேச்சும் காதில் விழுகிறது. ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

2010 இல் இந்தக் கேமைச் செய்த வால்வ் நிறுவனம் நாலு பகுதியாக இலவசமாக வெளியிட்ட கொமிக் அதை உறுதிப்படுத்தியது. முதலாம் பாகத்து நாலு பேரும் காவிகள்தான். அவர்களை எடுத்துப்போய் அடைத்து வைத்த இராணுவ முகாமும் விழுகிறது. தனக்குத் தொற்றாமல் நோயைக் காவுகிற அந்தக் குணம் தகப்பன் வழியாகப் பிள்ளைக்கு வருகிறது என்று அங்கே ஒரு விவரம் வருகிறது பாருங்கள், எனக்கு இந்த முழுத் தொடரிலும் ஆகக் கொடூரமான இடம் அதுதான். ஏனென்றால் கடிபட்ட தன் தகப்பன், மாறுவதற்கு முன்னால் என்னைச் சுட்டுவிடு என்று கேட்டு, ஸோயி சுட்டிருக்கிறாள். அவளுக்கு அந்தக் குணம் இருக்கிறது என்றால் அது அவரிடம் இருந்து வந்தது, அதாவது அவர் மாறியே இருக்கமாட்டார். சுட்டுக்கொண்டு ஓடுகிற கேம் என்றவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

முதலாம் பாகத்து நாலு பேரில் ஒருவரான பில்லின் சாவையும் வால்வ் தலைகீழாகத்தான் சொன்னது. 2010 ஏப்ரலில் வந்த கம்பெய்னில் அந்த வயசாளியின் உடலை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் பார்க்கிறோம். எப்படிச் செத்தார், ஏன் மற்ற மூன்று பேரும் வேறொரு பாலத்துக்கு மேலே நிற்கிறார்கள் என்று ஒக்டோபர் வரைக்கும் ஆட்கள் ஊகித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சாவையே விளையாடக் கிடைத்தது. பாலத்தை உயர்த்தக் கீழே இறங்குகிறவர் யார் என்பதை விளையாடுகிறவர்களே முடிவு செய்யலாம், ஆனால் கதைப்படி அது பில்தான். எங்கள் கூட்டத்தில் அந்த இடம் வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் மௌன விரதம் இருப்பார்கள், இறங்க ஒருவரும் இல்லை.

பில்லின் திட்டம் படகெடுத்து ஃபுளோரிடாவுக்குத் தெற்கே உள்ள தீவுக் கூட்டத்துக்குப் போவது. தீவு என்றால் ஜோம்பி வராது, நிம்மதி. மிஞ்சிய மூன்று பேரும் போய்ச் சேர்ந்தார்களா என்பது ரசிகர்களின் நெடுநாள் விவாதம். நான் கேட்கிறது வேறு: அந்தத் தீவில் ஏற்கெனவே சனம் இருந்தால்? இந்த மூன்று பேரும்தானே நோய், இவர்கள் கரை ஏறினால் அங்கே இருப்பவர்களின் கதை முடிந்தது. தீவுக்காரர்களாகிய எங்களுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. 2020 மார்ச்சில் விமான நிலையத்தை மூடி, 20 ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கும் போட்டார்கள், அதற்கு முன்னமே வர வேண்டியது வந்து இறங்கியிருந்தது. கடல் சுற்றி இருப்பது மட்டும் ஒருவரையும் காப்பாற்றாது. தப்பியவர்கள் நல்லவர்கள், ஆனால் அவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்வது மற்றவர்களுக்குக் கூடாத செய்தி. இப்படி ஒரு சிக்கலில் ஆளை மாட்டி விடுகிற ஜோம்பி கேம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதற்கு எதிராக ரசிகர்கள் வைக்கிற ஒரு கேள்வி உண்டு, வேர்ஜில். சதுப்பு நிலத்தில் இருந்து இரண்டாம் பாகத்து நாலு பேரையும் படகில் ஏற்றி, டீசல் எடுக்க இறக்கிவிட்டு, புயல் மழைக்குள் திரும்பி வந்து ஏற்றி, நியூ ஓர்லியன்ஸ் வரைக்கும் கொண்டுபோகிற படகோட்டி. இவ்வளவு தூரம் கூட வந்தும் அவர் மாறவில்லையே, அப்படியானால் இந்த நாலு பேரும் காவிகள் இல்லையா? அல்லது வேர்ஜிலுக்கும் தொற்றாதா? திறந்த படகில் காற்றோட்டம் இருந்தது என்றுகூட ஒரு தியரி கண்டேன், அது சும்மா. வேர்ஜிலுக்கும் தொற்றாது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மனைவியை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர், கிட்ட இருந்திருப்பார்தானே, அப்போதே வந்திருக்க வேண்டும்.

அரசாங்க அறிவித்தல்களையும் தவற விடாதீர்கள். சீடா என்கிற அவசர நிலை முகவரகத்தின் போஸ்டர்கள் எங்கும் ஒட்டியிருக்கும்: வீட்டைப் பூட்டிக்கொண்டு இரு, சந்தேகமான ஆட்களைப் பற்றி அறிவி, அடுத்த அறிவித்தல் வரும்வரை காத்திரு. போஸ்டருக்குப் பக்கத்திலேயே வெறிச்சோடிப்போன முகாம். வெளியான வருடத்தில் இது நையாண்டியாக இருந்திருக்கும். ஊரடங்கில் மரக்கறி லொறி எப்போது ஒழுங்கைக்குள் வரும் என்று கேற்றுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்த கொழும்புக்காரருக்கு இப்போது அது வேறு மாதிரித் தெரியும். முதலில் சீடா கையை விரிக்கிறது, பிறகு இராணுவம் வருகிறது, பிறகு குண்டு விழுகிறது. இராணுவம் சுட்டது நோயாளிகளை மட்டும்தானா என்ற சந்தேகத்தைக் கடைசிக் கம்பெய்ன் தெளிவாகவே எழுப்புகிறது. அதனால்தான் பாலத்தில் இருந்து ஏறிப் போகிற ஹெலிகொப்டரை நான் நல்ல முடிவு என்று எடுப்பதில்லை. ஏற்றிப் போனது காப்பாற்றவா அடைத்து வைக்கவா? கொமிக்கில் முன்னைய நாலு பேருக்கும் நடந்ததைப் பார்த்தால் இரண்டாவதுதான்.

மற்றத் தியரிகளில் பாதி பொழுதுபோக்கு. இரண்டாம் பாகத்து நாலு பேரில் ஒருவனான எலிஸ் ஓயாமல் தன் கூட்டாளி கீத்தைப் பற்றிக் கதை சொல்லுவான், கீத் இதைச் செய்து காயப்பட்டான், அதைச் செய்து எரிபட்டான் என்று, பாதியில் யாராவது வாயை மூடு என்பார்கள். கீத் என்று ஒருவன் இல்லவே இல்லை, எல்லாம் எலிஸ் செய்ததுதான் என்பது ஒரு கட்சி. சிரிப்பான ஊகம், ஆனால் எலிஸுக்குப் பொய் சொல்லுகிற முகம் இல்லை. சுவரில் புகழப்படுகிற சிக்காகோ டெட் என்கிற மாவீரன் யார் என்று தேடுகிறவர்கள் இன்னும் தேடுகிறார்கள், தேடட்டும். வால்வின் இன்னொரு கேமான ஹாஃப் லைஃப் 2 இன் எபிசோட் டூவில் வந்த தோட்டத்துக் குள்ளப் பொம்மை இங்கேயும் வருவதால் இரண்டும் ஒரே உலகம் என்பது வெறும் ஆசை, வால்வ் ஆட்கள் தங்களுக்குள் பகிடி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். போஸ்டரும் பெயர் ஓட்டமும் இருப்பதால் எல்லாமே சினிமா, நாலு பேரும் நடிகர்கள் என்கிற தியரி கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை நம்பினால் ஸோயியின் தகப்பனும் நடிகர் ஆகிவிடுவார், எனக்கு அது வேண்டாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டாம் பாகத்து நாலு பேரில் ஒருவரான கோச், படகோட்டி வேர்ஜில் இவர்களின் தென்மாநில ஆங்கிலம் முதலில் பிடிபடாது, சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கதையில் பாதி போய்விடும். மூன்றாம் பாகம் வரவில்லை, கதை பாலத்தோடு தொங்குகிறது. 2020 செப்டம்பரில் ரசிகர்களே செய்து வால்வ் சேர்த்துக்கொண்ட பெரிய அப்டேட்டில் புதுக் கம்பெய்ன் உண்டு, விளையாட நல்லது, கேள்விகளுக்குப் பதில் எதிர்பார்க்காதீர்கள். முதலாம் பாகத்தைச் செய்த டர்டில் ராக் ஆட்கள் 2021 இல் விட்ட பேக் 4 பிளட்டையும் பார்த்தேன், அங்கே எல்லாவற்றையும் காட்சி வைத்து விளக்கிவிடுகிறார்கள், அதனாலோ என்னவோ முடித்த பிறகு அதைப் பற்றிக் கதைக்க எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆகப்பெரிய பிரச்சினை, கூட விளையாடுகிற ஆட்கள். தெரியாதவர்களோடு ஒன்லைனில் போனால் சுவரை வாசிக்க நின்ற குற்றத்துக்கே வாக்கெடுத்து வெளியே தள்ளிவிடுவார்கள். தெரிந்த பெடியன்கள் மட்டும் என்ன, "டேய், வாடா, கதவைச் சாத்து" என்று கத்துவார்கள். முதல் தரம் தனியாகவே விளையாடுங்கள், மற்ற மூன்று பேரையும் கொம்பியூட்டர் ஓட்டட்டும். முதலாம் பாகத்து ஆஸ்பத்திரியில் தொடங்கி வரிசையாக வாருங்கள், பில் சாகிற கம்பெய்னையும் அவர் உடல் கிடக்கிற கம்பெய்னையும் முடித்துவிட்டு நேரே கொமிக்கை எடுத்து வாசியுங்கள். கொம்பியூட்டர் ஓட்டுகிற இந்தப் பொட்டுகள் குறிபார்த்துச் சுடுவதில் பரவாயில்லை, குண்டு எறியத் தெரியாது, ஆனால் நீங்கள் நிற்கிற மட்டும் தாங்களும் நிற்கும்.