காய்ச்சலுக்குப் «பெரிய ஊசி» போடும் இடங்கள் பற்றி: அப்பாவுக்கு நடந்தது

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே, ஒரு சந்தியில் இயங்கும் தனியார் சிகிச்சை நிலையத்தில் கடந்த தை மாதம் என் அப்பாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் அந்த இடத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

அப்பாவுக்கு வயது 63. நீண்ட காலமாகப் பற்றை மண்டிக் கிடந்த எங்கள் மேட்டுக்காணியை ஒரு கிழமையாகத் துப்புரவாக்கினார். அதன்பின் பத்து நாட்களளவில் கடும் காய்ச்சலும் தலையிடியும் தொடங்கின. பெரியாஸ்பத்திரிக்குப் போனால் பகல் முழுவதும் வாங்கிலில் இருக்க வேண்டும் என்று அவரே மறுத்துச் சந்திக்குப் போகச் சொன்னார். ஊசி போட்டால்தான் வருத்தம் மாறும் என்று நம்பும் தலைமுறை அவருடையது. அந்த நம்பிக்கையை வைத்தே சிலர் பிழைக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அங்கே வெள்ளை அங்கியில் இருந்தவர் அப்பாவின் சட்டையைக் கழற்றிப் பார்க்கவில்லை, இரத்தம் சோதிக்கச் சொல்லவில்லை, முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்றும் கேட்கவில்லை. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது, நான்கு நாட்களுக்குப் பெரிய ஊசி போட வேண்டும், ஒவ்வொன்றும் 2 கிராம், வெளிநாட்டு மருந்து, ஊசியொன்றுக்கு 4,500 ரூபாய் என்றார். பற்றுச்சீட்டைக் கடைசி நாளில் தருவதாகச் சொன்னார். முதலாம் நாள் ஊசி போட்டவுடனேயே எங்களை அனுப்பிவிட்டார்.

இரண்டாம் நாள் அப்பா சோர்ந்திருந்ததால் சேலைனும் ஏற்றினார்கள். சேலைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊசி மருந்தை அதே குழாயினுள் செலுத்தினார். கண்ணாடி போல் தெளிவாக இருந்த குழாய், அரிசி கழுவிய தண்ணீர் போல வெண்மையாகக் கலங்கியது. கேட்டதற்கு அது விற்றமின் என்றார். வவுனியாவில் தாதியாக வேலைசெய்யும் மச்சாளுக்கு உடனே அழைப்பு எடுத்தேன். போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டா. ஹாட்மன் என்று வாசித்தேன். ஊசி மருந்தின் பெயர் செப்ட்ரியாக்சோன் (பக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் ஒரு மருந்து) என்றதும், குழாயை உடனே மூடிக் கழற்றச் சொல்லுங்கோ என்று சத்தம் போட்டா. அந்த மனிதர் கோபத்தோடுதான் கழற்றினார். குப்பைக் கூடையிலிருந்த, நாளுக்கு ஒன்றாகப் போட்ட இரண்டு மருந்துக் குப்பிகளையும் எடுத்துக்கொண்டு அப்பாவை மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். இரண்டிலும் 1 கிராம் என்றே அச்சிடப்பட்டிருந்தது.

அந்த மருந்தை நான் குறைசொல்லவில்லை. 1980களிலிருந்து உலகெங்கும் பயன்பாட்டிலுள்ள செப்ட்ரியாக்சோன், மூளைக்காய்ச்சல், கடும் நியூமோனியா, நெருப்புக்காய்ச்சல், முற்றிய எலிக்காய்ச்சல் போன்றவற்றில் உயிர் காக்கும் மருந்து. உடலில் நீண்ட நேரம் தங்குவதால் பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவை போதும். ஆனால் டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலில் அது எதுவும் செய்யாது. ஹாட்மன் சேலைனில் கல்சியம் இருக்கிறது. இரண்டும் ஒரே குழாயில் சந்தித்தால் கரையாத துகள்களாகப் படியும். பச்சிளங் குழந்தைகளில் அந்தப் படிவு நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் தங்கி மரணங்கள் நேர்ந்த பின்னர், 2007 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தசையில் போடும்போது நோவைக் குறைக்க இதை லிடோகெயின் என்ற விறைப்பு மருந்தில் கரைப்பதுண்டு. அப்படிக் கரைத்ததை ஒருபோதும் நாளத்தில் ஏற்றக்கூடாது என்பதையும் மச்சாள் சொல்லித்தான் அறிந்தேன்.

ஒவ்வாமையைப் பற்றி அங்கே எவரும் வாய் திறக்காததுதான் இப்போது நினைத்தாலும் நடுக்கத்தைத் தருகிறது. பெனிசிலினுக்குக் கடுமையாக ஒவ்வாமை காட்டியவர்களில் இந்த வகை மருந்தை மிகக் கவனமாகவே யோசிக்க வேண்டும். முன்பு எந்தப் பிரச்சினையும் இல்லாதவருக்குக்கூட, அரிதாக என்றாலும், சில நிமிடங்களில் மூச்சடைத்து இரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். ஆகவேதான் ஊசிக்குப் பின் நோயாளியைச் சிறிது நேரம் இருத்திவைத்துப் பார்ப்பதும், அந்த நிலையில் உயிர் காக்கும் அட்ரினலின் மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதும் அவசியம். அந்த அறையில் அட்ரினலின் இருக்கிறதா என்று நான் கேட்டபோது, அதெல்லாம் தேவைப்படாது என்பதே பதில்.

வைத்தியசாலையில் இளம் வைத்தியர் ஒருவர் அப்பாவைத் தலை முதல் கால் வரை பார்த்து, தொடையிடுக்கில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடித்தார். அப்பாவுக்கே அது தெரிந்திருக்கவில்லை. உண்ணிக்காய்ச்சல். பற்றைக்காணியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உண்ணிக் குஞ்சுகள் கடிப்பதால் வருவது. அதன் கிருமி உடற்கலங்களுக்குள்ளேயே வாழ்வதால் செப்ட்ரியாக்சோன் எத்தனை குப்பி ஏற்றினாலும் அதற்குக் கேட்காது. டொக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் குளுசையை நாளுக்கு இரண்டு தடவை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அப்பா கஞ்சி கேட்டார்.

9,000 ரூபாய் போனதைவிட, இரண்டு நாட்கள் வீணாய்ப் போனதே பெரிய இழப்பு. உண்ணிக்காய்ச்சல் பிந்தினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். அந்த நிலையத்தின் சுவரில் வைத்தியரின் மருத்துவ சபைப் பதிவிலக்கத்தையோ நிலையத்தின் பதிவுச் சான்றிதழையோ நாங்கள் காணவில்லை. தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது என்பதை முறைப்பாடு எழுதும்போதுதான் தெரிந்துகொண்டேன். போகும் இடத்தில் இவற்றைக் கேளுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் துண்டில் எழுதி வாங்குங்கள். குப்பியை உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு குப்பிகளின் படங்களையும் இணைத்து மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு முறைப்பாடு அனுப்பி ஆறு கிழமையாகிறது. பெற்றுக்கொண்டதாக ஒரு கடிதம் வந்திருக்கிறது. நேற்று அந்தச் சந்தியால் வந்தபோது, வாசலில் இரண்டு தாய்மார் காய்ச்சல் பிள்ளைகளோடு நின்றார்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அவர்களிடமும் இதைத்தான் சொன்னேன்.