மாதச் சம்பளமா, மணிக்கூலியா: அமெரிக்காவில் ஓவர்டைம் யாருக்கு?

கூட்டாட்சிச் சட்டப்படி வாரத்தில் 40 மணி நேரம் தாண்டினால் ஒன்றரை மடங்கு ஊதியம். மணிக்கூலி வாங்கும் செவிலியருக்கு இது பொதுவாக உண்டு: மணிக்கு 40 டாலர் என்றால் 46 மணி வேலைக்கு 1,600 டாலரோடு, கூடுதல் 6 மணிக்கு 360 டாலர்.

நிலையான சம்பளம் என்றாலே ஓவர்டைம் கிடையாது என்பது பாதிதான் சரி. வாரம் குறைந்தது 684 டாலரும், நிர்வாகப் பொறுப்போ உயர்படிப்போ தேவைப்படுவது போன்ற, சட்டம் சொல்லும் வகை வேலையும் சேர்ந்தே இருந்தால்தான் ஓவர்டைம் தருவதிலிருந்து முதலாளிக்கு விலக்கு. விசிட்டிங் கார்டில் பெரிய பதவி போட்டால் போதாது. அரைநாள் வராததற்குச் சம்பளம் பிடிப்பதை வழக்கமாக்கினால் அந்த விலக்கே பறிபோகலாம்.

மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் விஷயத்தில் விலக்குக்கு இந்த 684 டாலர் குறைந்தபட்சச் சம்பள நிபந்தனையே இல்லை. கணினி நிரலாளர் கதை வேறு: மணிக்கு 27.63 டாலருக்குக் குறையாவிட்டால் மணிக்கூலிக்காரருக்கும் ஓவர்டைம் மறுக்கலாம். கலிபோர்னியாவிலோ பொதுவாக நாளுக்கு 8 மணி தாண்டினாலே கணக்கு தொடங்கிவிடும்.