நெம்புவதா, பிடுங்குவதா: தச்சு வேலையில் பாரையும் ஆணி பிடுங்கியும்

கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். இரண்டின் நுனியிலும் ஆணி நுழைய ‘வி’ வெட்டு இருக்கும். அதனாலேயே எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பாரை மரத்தை மரத்திலிருந்து பிரிப்பதற்கு. பிடுங்கி ஆணியை மரத்திலிருந்து உருவுவதற்கு. இடித்த வீட்டுத் தேக்கை வாங்கி மறுபடி இழைக்கப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் பலகைக்குப் பலகை காசு.

முதலில் எதோடு மல்லுக்கட்டுகிறோம் என்று பார்க்கலாம். ஆணியின் பிடி மூன்றைப் பொறுத்தது: மரத்துக்குள் இறங்கியிருக்கும் நீளம், ஆணியின் தடிமன், மரத்தின் அடர்த்தி. நீளமோ தடிமனோ இரண்டு மடங்கானால் பிடியும் இரண்டு மடங்காகும். அடர்த்தி இரண்டு மடங்கானால் பிடி ஐந்து மடங்கையும் தாண்டும். 8 கேஜ் ஆணி, அதாவது 4 மி.மீ. தடிமன், 50 மி.மீ. ஆழம் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேலட், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டு, செய்யும் பைன் மரத்தில் (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 0.42) அதை நேராக இழுக்க ஏறத்தாழ 125 கிலோ விசை வேண்டும். தேக்கில் (0.57) அதே ஆணிக்கு 270 கிலோ. இது புதிதாக அடித்த ஆணிக்கான கணக்கு. துருப்பிடித்து மரத்தோடு ஒட்டிப்போனது முதல் அசைவுக்கு இன்னும் கூடுதலாகக் கேட்கும்.

270 கிலோவைக் கையால் இழுக்க முடியாது, நெம்பத்தான் வேண்டும். சாதாரண 450 கிராம் கிளா ஹேமரில் (பின்பக்கம் ஆணி பிடுங்கும் பிளவு உள்ள சுத்தியல்) தலை மரத்தில் ஊன்றி நிற்கும் முட்டுப் புள்ளியிலிருந்து ஆணி 30 மி.மீ. தள்ளி, கை 300 மி.மீ. தள்ளி. பத்துக்கு ஒன்று. 27 கிலோ கொடுத்தால் தேக்கு ஆணி கிளம்பிவிடும். ஆணி ஓர் அங்குலம் எழுந்ததும் சுத்தியலின் தலை உருண்டு, ஆணிக்கும் முட்டுக்கும் உள்ள தூரம் 60 மி.மீ. ஆகிறது. விகிதம் பாதியாகக் குறைகிறது, அதோடு இழுப்பு சாய்கிறது. ஆணி வளைவதும், ஓட்டை நீள்வட்டமாவதும், மரக்கைப்பிடி கழுத்தில் முறிவதும் இந்த இடத்தில்தான். ஓர் அங்குலம் எழுந்தவுடன் சுத்தியலை எடுத்து, தலைக்கு அடியில் ஓர் அங்குலக் கட்டை கொடுத்து மறுபடி நெம்பினால் இழுப்பு நேராகும். இரண்டரை அங்குலத்துக்கு மேற்பட்ட ஆணி என்றால் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவது நல்லது.

இன்னொரு கணக்கும் இதில் ஒளிந்திருக்கிறது. ஆணி கேட்கும் 270 கிலோவும் கை கொடுக்கும் 27 கிலோவும் சேர்ந்து, ஏறத்தாழ 300 கிலோ, முட்டு நிற்கும் இடத்தில் மரத்தை அழுத்துகின்றன. அந்த இடம் சில மி.மீ. அகலக் கோடு. பலகையில் விழும் பள்ளத்துக்கு இதுதான் காரணம். 6 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்று அடியில் வைத்தால் அந்த எடை பரவிவிடும்.

பாரையில் இரண்டு சாதி. ஒன்று ரிப்பிங் பார். 18 மி.மீ. அறுகோணக் கம்பி, 24 முதல் 36 அங்குலம், ஒரு முனை கொக்கி போல வளைந்திருக்கும். 24 அங்குலமே ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வரும். இன்னொன்று ஃபிளாட் பார். இரண்டு விரல் அகலப் பட்டை, 12 முதல் 15 அங்குலம், ஒரு முனை செங்கோணமாக மடங்கியிருக்கும், மறுமுனை லேசாக வளைந்து மெலிந்திருக்கும்.

ரிப்பிங் பார் முரட்டு வேலைக்கு. நான்கு அங்குல ஆணி அடித்த கூரைச் சட்டம், சுவரில் புதைத்த நிலை, தூக்கி எறியப் போகும் மரம். அதில் உடம்பின் எடையையே போட்டு அழுத்தலாம். ஆனால் அதன் நுனி தடிமன். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் அதை அடித்து இறக்கும்போதே ஓரம் நசுங்கிவிடும். காப்பாற்ற வேண்டிய மரத்தின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

தச்சருக்கு அன்றாடம் வேண்டியது ஃபிளாட் பார்தான். கதவு நிலையைச் சுற்றியுள்ள பட்டியைக் கழற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள பெயின்ட்டைக் கத்தியால் கீறிவிட வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட்டோடு பூச்சும் சதுரம் சதுரமாக உரிந்து வரும். பிறகு பெயின்டர் புட்டி பூசும் மெல்லிய தகடு ஒன்றை இடைவெளியில் தட்டி இறக்கி, அதன் பின்னால் பாரையை நுழைக்க வேண்டும். சுவர் பக்கம் பிளைவுட் துண்டு. நெம்ப வேண்டிய இடம் ஆணிக்குப் பக்கத்தில். இரண்டு ஆணிக்கு நடுவில் நெம்பினால் பட்டி அங்கேயே முறியும். ஓர் ஆணியில் 5 மி.மீ. தூக்கு, அடுத்த ஆணிக்குப் போ, கடைசிவரை போய்விட்டுத் திரும்பி முதலில் இருந்து ஆரம்பி. முனையிலிருந்து 50 மி.மீ.க்குள் அடித்த ஆணிகளில் இன்னும் நிதானம் வேண்டும், பலகை வெடிப்பது பெரும்பாலும் அங்கேதான். ஒரு பட்டிக்குப் பத்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் இரண்டே நிமிடம், அப்புறம் புதுப் பட்டி.

பலகை அரை அங்குலம் எழுந்ததும் அதை மறுபடி சுத்தியலால் கீழே தட்டினால், பலகை இறங்கி ஆணிக் கொண்டை மட்டும் வெளியே நிற்கும். பாரையின் வேலை அங்கே முடிகிறது. பலரும் அதே பாரையின் ‘வி’ வெட்டில் ஆணியை மாட்டித் தொடர்வார்கள். இரண்டு அங்குல ஆணிக்கு ஒத்துவரும். கொண்டை சின்னதாக இருந்தாலோ, அறுந்துபோயிருந்தாலோ வெட்டில் நிற்காமல் வழுக்கும்.

இனி பிடுங்கிகள். கொறடைப் பழங்காலச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் கொண்டை போன ஆணியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். கொறடுக்குக் கொண்டையே தேவையில்லை, தண்டைப் பிடித்தால் போதும். ஆனால் மேலே இழுக்கிற கருவி அல்ல அது. மரத்தை ஒட்டித் தண்டைக் கவ்வி, தாடையின் வளைவின் மேல் பக்கவாட்டில் உருட்ட வேண்டும். ஓர் உருட்டுக்கு 5 முதல் 10 மி.மீ. வரும். விட்டு, மறுபடி மரத்தோடு ஒட்டிக் கவ்வி, இம்முறை எதிர்ப்பக்கம் உருட்டினால் ஆணி நிமிர்ந்தே வரும். 8 அங்குலக் கொறடில் ஏழு மடங்குக்குக் குறையாமல் நெம்பு கிடைக்கும். 12 கேஜ் ஆணி (2.6 மி.மீ. தடிமன்) தேக்கில் 35 மி.மீ. இறங்கியிருந்தால் 125 கிலோ பிடி. கையில் 17, 18 கிலோ கொடுத்தால் போதும். கைப்பிடியை ரொம்ப இறுக்கினால் வாய் தண்டை வெட்டிவிடும், மீதி உள்ளேயே தங்கிவிடும். பல்லில்லாத, வெட்டும் விளிம்பைச் சற்று மழுக்கிய கொறடு இதற்கு நல்லது.

பிளைவுட் வேலையில் காற்றழுத்த கன் வைத்து அடிக்கும் எஃப் 30 பின்னுக்கும் (30 மி.மீ. நீள மெல்லிய ஆணி) கொறடுதான். முகப்பு பக்கம் இழுத்தால் மேல்தாள் சில்லு சில்லாகப் பெயரும். பீடிங்கை, அதாவது ஓரத்தில் அடிக்கும் மெல்லிய மரப்பட்டியை, கழற்றினால் அந்தப் பின் ஆணி பெரும்பாலும் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். பின்பக்கம் நீட்டியிருக்கும் கூர்முனையைக் கவ்விப் பின்பக்கமாகவே உருவினால், சின்னக் கொண்டை மரத்துக்குள்ளேயே ஊடுருவி வந்துவிடும். முகப்பில் ஒரு பொட்டு ஓட்டைதான் மிஞ்சும்.

கொண்டை மரத்தோடு மட்டமாக, அல்லது உள்ளே புதைந்து இருந்தால் கொறடுக்குப் பிடி கிடைக்காது. அதற்குத்தான் ‘கேட்ஸ் பா’ என்று விற்கும் குட்டைப் பிடுங்கி. 10, 12 அங்குலத் தண்டு, நுனியில் கரண்டி போல வளைந்த சிறு நகம். கொண்டைக்கு அரை அங்குலம் தள்ளி 45 பாகையில் வைத்து, சுத்தியலால் இரண்டு மூன்று அடி அடித்து நகத்தைக் கொண்டைக்கு அடியில் இறக்கி, பின்னால் சாய்த்தால் ஆணி எழும். நகம் குட்டை என்பதால் முட்டிலிருந்து ஆணி 25 மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது, முரட்டு ஆணியும் அசையும். விலை, மரத்தில் கட்டைவிரல் நுனி அளவு குழி. சட்டத்தில், சென்ட்ரிங் கட்டையில் அது கணக்கில்லை. மேசைப் பலகையாக இழைக்கப் போகும் தேக்கில் 6 மி.மீ. இழைத்தாலும் போகாது. அப்படிப்பட்ட பலகையில் முதலில் பின்பக்கம் பாருங்கள். ஆணி முனை மறுபக்கம் வந்து மடங்கியிருந்தால், அதை நிமிர்த்தி முனையில் தட்டினாலே கொண்டை மேலே கிளம்பிவிடும், குழி தோண்ட அவசியமில்லை. மடங்கிய முனையை நிமிர்த்தாமல் முன்னால் இழுப்பவர் மரத்தைக் கிழித்துக்கொண்டுதான் எடுப்பார்.

வழுக்குச் சுத்தியல் பொருத்திய பெரிய பிடுங்கியும் உண்டு. குழாய்க் கைப்பிடியை மேலும் கீழும் இடித்தால் இரண்டு தாடைகள் கொண்டையின் இருபுறமும் மரத்துக்குள் இறங்கும், சாய்த்தால் தாமே இறுகும். கனத்த மரப்பெட்டிகளைத் திறப்பதற்கு ஆனது. வீட்டு வேலைக்கு வாங்கி வைத்தால் துருதான் பிடிக்கும்.

துரு ஏறிய ஆணிக்குப் பாரையோ பிடுங்கியோ எடுக்கும் முன் ஓர் அடி: கொண்டை மேல் சுத்தியலால் தட்டி 1 மி.மீ. கீழே இறக்குங்கள். துருவின் ஒட்டு உடையும். ‘கிர்ர்’ என்று சத்தம் வந்தால் இனி இழுக்கலாம். சத்தமே இல்லாமல் கொண்டை தலையாட்டினால் தண்டு உள்ளே அரித்துவிட்டது, இழுத்தால் அறும்.

இரண்டுமே தோற்கும் இடம் பேலட். அதில் போடுவது முறுக்காணி அல்லது வளையம் வெட்டிய ஆணி. பைன் பலகை 20 மி.மீ. தடிமன்கூட இல்லாதபோது ஆணி விடுவதற்குள் பலகை பிளந்துவிடும். ஐரோப்பிய அளவு பேலட் ஒன்றில் மட்டும் 78 ஆணி. பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் ஃபிளாட் பாரால் 3 மி.மீ. இடைவெளி மட்டும் உண்டாக்கி, அதில் இரும்பு அறுக்கும் பிளேடை விட்டு ரெசிப்ரோ வாளால் (பிளேடு முன்னும் பின்னும் ஓடும் மின்வாள்) ஆணியை அறுப்பதே வேகம். 9 அங்குல பைமெட்டல் (இரண்டு உலோகம் இணைத்த) பிளேடு, அங்குலத்துக்கு 10 முதல் 14 பல். பலகையில் தங்கும் கொண்டையைப் பின்னாலிருந்து ‘பஞ்ச்’ எனும் இரும்புக் குச்சியை வைத்துத் தட்டி வெளியேற்றலாம். அறுக்கும் முன் முத்திரையைப் பாருங்கள்: ‘எச்.டி.’ (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ (MB) என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அந்த மரத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது நுனி. கட்டடக் கம்பியை அடித்துத் தட்டையாக்கிய பாரை நான்கு ஆணியில் ‘வி’ வாய் விரிந்துவிடும். பட்டறையில் செய்யச் சொல்வதானால் லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொடுங்கள், பதம் வைக்கத் தெரிந்தவரிடம். அதிகம் பதம் ஏறினால் நுனி கண்ணாடி போல உடையும், குறைந்தால் வளையும். ‘வி’ வெட்டு கீழே கூராக முடிய வேண்டும், உள்விளிம்பு சரிவாக இருக்க வேண்டும். 12 கேஜ் ஆணி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய் அதில் மாட்டிப் பாருங்கள். அடிவரை போய்ச் சிக்கி நின்றால் எடுத்துக்கொள்ளலாம். ஆடினால் திருப்பி மாட்டிவிட்டு வாருங்கள். பிடுங்கியின் தலையில் அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எஃகின் மேல் எஃகு அடிபட்டுத் தெறிக்கும் சில் கண்ணை நோக்கித்தான் வரும்.

எடுத்த பலகையை இழைப்பு எந்திரத்தில் விடும் முன் காந்தத்தைத் தடவிவிட்டு, கருநீலக் கறை இருக்கும் இடங்களைத் தனியாகப் பாருங்கள். இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து போடும் கறை அது. கொண்டை கண்ணில் படாவிட்டாலும், அந்தக் கறைக்கு அடியில் அறுந்த தண்டு இருக்கக்கூடும்.