பாண்டுங் – யோக்யகர்த்தா ரயில்: எக்ஸிகியூட்டிவா, எகானமியா, பனோரமிக்கா?

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் ரயிலில் போகப்போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் உடனே வரும் அறிவுரை ஒன்றுதான்: எக்ஸிகியூட்டிவ் போடு, எகானமி பக்கமே போகாதே. இந்த அறிவுரைக்கு வயதாகிவிட்டது. ஒரேயடியாகத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டு டிக்கெட் எடுத்தால் சில தடங்களில் தேவையில்லாமல் கூடக் காசு போகும், வேறு சில தடங்களில் காசு கொடுத்தும் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் இறங்குவீர்கள். டிக்கெட்டில் எழுதியிருக்கும் வகுப்பின் பெயரைவிட, எந்தப் பெட்டியில் உட்காரப் போகிறோம் என்பதுதான் முக்கியம்.

பழைய அறிவுரைக்குக் காரணம் உண்டு. 2009-ல் இக்னாசியுஸ் ஜோனான் அரசு ரயில் நிறுவனமான கேஏஐ-யின் தலைவராக வருவதற்கு முன்னால் எகானமி பெட்டிகளில் ஏசி கிடையாது, நின்றுகொண்டே போகிறவர்கள் நிறைய, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வியாபாரிகள் ஏறி இறங்குவார்கள், ஜகார்த்தா பக்கம் கூரை மேலேயே கூட்டம் உட்கார்ந்து போகும். அவர் காலத்தில் பெயர் போட்ட டிக்கெட், உள்ளே விடும்போது அடையாளச் சரிபார்ப்பு, ஆளுக்கொரு இருக்கை, எல்லா நெடுந்தூர வண்டிகளிலும் ஏசி, வண்டிக்குள் புகைக்கத் தடை என்று எல்லாமே மாறிப்போனது. இன்றைக்கு மிக மலிவான டிக்கெட்டிலும் இவை உண்டு. ஆகவே பாதுகாப்புக்காகவோ சுத்தத்துக்காகவோ மேல் வகுப்பு எடுக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. மிச்சம் இருப்பது முழங்காலுக்கு இடம், ஜன்னல், தூக்கம், எந்த ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறோம் என்பது. இந்த நாலுக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது, அதனால் ஒரே தடத்தை எடுத்துக்கொள்கிறேன். பாண்டுங்கிலிருந்து யோக்யகர்த்தா. சுமார் 390 கிலோமீட்டர், வண்டியைப் பொறுத்து ஆறரை முதல் எட்டு மணி நேரம். மேற்கு ஜாவாவின் பிரியாங்கான் மலைநாட்டைத் தாண்டி இறங்கும் தெற்குப் பாதை இது, வழியில் இருக்கும் நாக்ரெக் ஸ்டேஷன் 848 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இந்தோனேசியாவில் இன்றும் இயங்கும் ஸ்டேஷன்களில் அதுதான் மிக உயரமானது. வளைவுக்கு வளைவு, பாலத்துக்குப் பாலம், படிப்படியாக இறங்கும் வயல்கள். பகலில் போக வேண்டிய பாதை என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

வகுப்புகளை எடைபோட ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பெட்டி எந்த வகுப்பாக இருந்தாலும் நீளம் ஏறக்குறைய 20 மீட்டர்தான். அந்த 20 மீட்டரில் பழைய எகானமியில் 106 பேர், புதிய தலைமுறை எகானமியில் 72 பேர், எக்ஸிகியூட்டிவில் 50 பேர், லக்ஷுரியில் 26 பேர், தனியறைகளாகப் பிரித்த ஸ்வீட் (suite) கம்பார்ட்மெண்டில் 16 பேர். விளம்பரப் படங்கள் சொல்லாததை எல்லாம் இந்த எண்கள் சொல்லிவிடும்.

முதலில் 106 பேர் பெட்டி. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்று எதிரெதிராக, செங்குத்தான முதுகுச் சாய்வோடு, நகராத இருக்கைகள். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலும் உங்கள் முழங்காலும் முட்டிக்கொள்ளும், இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு கால் நீட்டினால்தான் உண்டு. அரசு மானியத்தில் ஓடும் காஹுரிப்பான் போன்ற வண்டிகளில் இந்த வகைதான், டிக்கெட் ஒரு லட்சம் ரூப்பியாவுக்கும் கீழே, அதாவது இந்தியப் பணத்தில் ஏறக்குறைய ஐநூறு ரூபாய். உள்ளூர்க் குடும்பங்கள், மாணவர்கள், ஊருக்குத் திரும்பும் தொழிலாளர்கள் எல்லோரும் இதில்தான் வருவார்கள், சாப்பாட்டை எடுத்து வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டாமல் யாரும் சாப்பிடுவதில்லை. இரண்டு மூன்று மணி நேரம் என்றால் சந்தோஷமாகப் போகலாம். ஆனால் காஹுரிப்பான் பாண்டுங் பக்கத்திலிருந்து கிளம்புவது இரவில், எட்டு மணி நேரம் நிமிர்ந்தபடியே உட்கார்ந்து, விளக்கு எரிய எரிய விடியும்வரை போவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், பணம் ரொம்ப நெருக்கடியாக இருந்தால் தவிர. அந்தப் பணத்தில் மிச்சமாவதை மறுநாள் பகல் முழுக்கத் தூங்கித் தொலைப்பீர்கள்.

அடுத்தது, இந்தப் பாதையில் நான் முதலில் கை வைக்கும் டிக்கெட்: லொடாயா வண்டியின் எகானமி. 2024-லிருந்து இதில் நியூ ஜெனரேஷன் எனப்படும் 72 இருக்கைப் பெட்டிகள் ஓடுகின்றன. இரண்டுக்கு இரண்டு இருக்கை, சாயும், முக்கியமாகச் சுழலும். இந்தச் சுழற்சியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இதற்கு முன்னால் வந்த 80 இருக்கை எகானமியில் இருக்கைகள் நிலையானவை, பாதிப் பேர் வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும், மலைப்பாதையில் வளைந்து வளைந்து பின்பக்கமாகப் போனால் பலருக்குத் தலை சுற்றும். சுழலும் இருக்கையில் அந்தக் கவலையே இல்லை, நாலு பேர் குடும்பமாக வந்தால் திருப்பி எதிரெதிராகவும் போட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் அதே லொடாயாவில் எக்ஸிகியூட்டிவ் எதற்கு? நேரத்துக்காக இல்லை என்பது தெளிவு, இரண்டு பெட்டியும் ஒரே எஞ்சினுக்குப் பின்னால் ஒரே நிமிஷத்தில் யோக்யகர்த்தா போய்ச் சேரும். கூடுதலாகக் கிடைப்பது கால் நீட்ட நல்ல இடம், கால் வைக்கத் தாங்கி, இன்னும் அகலமான இருக்கை, இன்னும் கொஞ்சம் ஆழமான சாய்வு. சாப்பாடு இதில் சேராது, இரண்டு வகுப்புக்கும் ஒரே உணவுப் பெட்டி, ஒரே தள்ளுவண்டி. ஆறடிக்கு மேல் உயரம் என்றாலோ, முழங்கால் வலியோடு அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்கள் என்றாலோ எக்ஸிகியூட்டிவ் எடுத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். மற்றவர்களுக்குப் பகல் பயணத்தில் அந்தக் கூடுதல் காசுக்கு ஈடான வித்தியாசம் தெரியாது என்பது என் கருத்து. முன்பு தெரிந்தது, 106 பேர் பெட்டிக்கும் 50 பேர் பெட்டிக்கும் நடுவில் வேறு நல்ல தேர்வு இல்லாத காலத்தில் அது பெரிய வித்தியாசம். 72 வந்தபிறகு இடைவெளி சுருங்கிவிட்டது.

இன்னொன்று, எக்ஸிகியூட்டிவ் என்ற பெயரிலேயே பல தலைமுறைப் பெட்டிகள் ஓடுகின்றன. சில பழைய பெட்டிகளில் விமானத்தில் இருப்பது போன்ற சின்னச் சின்ன ஜன்னல்தான். அந்த ஜன்னல் வழியாக நாக்ரெக் மலையைப் பார்ப்பதைவிட, புது எகானமியின் அகலக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

சரி, பனோரமிக். 2022 டிசம்பரில் அறிமுகமான இந்தப் பெட்டி, பாண்டுங்கிலிருந்து சுரபாயா போகும் ஆர்கோ விலிஸ் வண்டியில் இணைக்கப்படுகிறது, வண்டி காலையில் கிளம்பி யோக்யகர்த்தா வழியாகவே போகிறது. பக்கவாட்டில் உயரமான பெரிய கண்ணாடிகள், கூரையிலும் கண்ணாடி, திரையைத் திறந்தால் மேலே வானம். சாப்பாடும் தின்பண்டமும் கட்டணத்திலேயே சேர்த்தி, கவனித்துக்கொள்ளத் தனியாக ஆள் இருப்பார். விலை எக்ஸிகியூட்டிவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். இவ்வளவு கொடுக்கலாமா என்று கேட்டால், இந்தத் தடத்தில், பகலில், வானம் தெளிந்திருக்கும் மாதங்களில் தாராளமாகக் கொடுக்கலாம் என்பேன். சிபாத்துவைத் தாண்டி சிப்பெண்டெய் ஸ்டேஷனில் எந்த வண்டியாக இருந்தாலும் நின்று பிரேக்கைச் சோதித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் இறக்கத்தில்தான் 1995 அக்டோபரில் ட்ரோவெக் அருகே ஒரு வண்டி கட்டுப்பாடு இழந்து கவிழ்ந்தது. மலை எவ்வளவு செங்குத்தானது என்பதை பனோரமிக் பெட்டியில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். ஆனால் தாசிக்மாலாயா, பஞ்சார் தாண்டியபிறகு நிலம் சமதளமாகிவிடும், அப்புறம் யோக்யகர்த்தா வரை பெரும்பாலும் வயலும் தென்னையும்தான், அழகுதான் என்றாலும் அதற்குக் கூரைக் கண்ணாடி தேவையில்லை. ஆக, நீங்கள் கொடுக்கும் காசு உண்மையில் முதல் மூன்று மணி நேரத்துக்குத்தான். மழைக்காலத்தில் பிற்பகல் மலைகள் மேகத்தில் மறைந்துவிடுவது சகஜம் என்பதால், அந்த மாதங்களில் யோக்யகர்த்தாவிலிருந்து பாண்டுங் வரும் திசையில் பனோரமிக் எடுக்க வேண்டாம், மலைப்பகுதி மாலையில்தான் வரும். போகும்போது எடுங்கள், காலையிலேயே மலை ஏறிவிடலாம்.

இரவுப் பயணத்துக்கு வருவோம். நம்மூர் ஆட்களுக்கு இரவு ரயில் என்றால் படுக்கை, பெர்த். ஜாவாவில் அந்த நினைப்பை விட்டுவிட வேண்டும், ஏறக்குறைய எல்லாமே உட்கார்ந்து போவதுதான். 1967-ல் ஓட ஆரம்பித்த பீமா வண்டியில் ஒரு காலத்தில் தூங்கும் பெட்டிகள் இருந்தன, இப்போது இல்லை. அதனால் பகலில் நான் வேண்டாம் என்று சொன்ன எக்ஸிகியூட்டிவை இரவில் கட்டாயம் எடுக்கச் சொல்வேன். சாய்வில் இருக்கும் அந்தக் கொஞ்சம் வித்தியாசம் இரவு இரண்டு மணிக்குப் பெரிதாகத் தெரியும். இன்னும் மேலே போக வேண்டும் என்றால் ஜகார்த்தாவிலிருந்து யோக்யகர்த்தா வரும் தக்சாகா வண்டியில் 26 பேர் லக்ஷுரி பெட்டி இருக்கிறது, இருக்கை எக்ஸிகியூட்டிவைவிட நன்றாகச் சாயும், தூங்கியே ஆக வேண்டும் என்றால் இது நல்ல தேர்வு. 2023 அக்டோபரில் பீமாவிலும் ஆர்கோ செமெருவிலும் வந்த ஸ்வீட் கம்பார்ட்மெண்ட் கதவு போட்ட தனியறை, ஜகார்த்தா – சுரபாயாவுக்கு 20 லட்சம் ரூப்பியாவை ஒட்டி வரும், அந்த விலைக்கு விமானத்தில் போய்விட்டு நல்ல ஓட்டலில் படுக்கலாம் என்பதால் எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங் வருவதற்கு 2023-லிருந்து வூஷ் அதிவேக ரயில் இருக்கிறது. அதிலும் மூன்று வகுப்பு. ஜகார்த்தாவின் ஹாலிம் ஸ்டேஷனிலிருந்து பாண்டுங் பக்கத்துப் பாடலாராங் வரை அரை மணி நேரம்தான், அதற்குப் போய் ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுக்க வேண்டாம்.

இப்போது ஸ்டேஷன். வகுப்பும் வண்டியும் மாறினால் ஏறி இறங்கும் இடமும் மாறும், இதை வெளியூர்க்காரர்கள் பலர் கவனிப்பதே இல்லை. ஆர்கோ விலிஸும் லொடாயாவும் பாண்டுங் மையத்தில் இருக்கும் பெரிய ஸ்டேஷனில் கிளம்பி, யோக்யகர்த்தாவில் துகு ஸ்டேஷனுக்கு வரும், வெளியே வந்தால் மாலியோபோரோ தெரு நடந்தே போகும் தூரம். காஹுரிப்பான், பசுண்டான் போன்ற முழு எகானமி வண்டிகள் நகரின் கிழக்கே கியாராசோண்டோங்கில் கிளம்பி, யோக்யகர்த்தாவில் லெம்புயாங்கான் ஸ்டேஷனில் நிற்கும். இரண்டு ஊரிலும் கூடுதலாக ஆகும் டாக்ஸி செலவையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு டிக்கெட்டின் மலிவு கொஞ்சம் கரையும். லொடாயா எகானமியை நான் இவ்வளவு தூக்கிப் பேசுவதற்கு இதுவும் காரணம்: எகானமி விலையில் நல்ல ஸ்டேஷன்கள். ஜகார்த்தாவிலும் இதே கதைதான், எக்ஸிகியூட்டிவ் வண்டிகள் பெரும்பாலும் கம்பீரிலிருந்து, எகானமி வண்டிகள் பாசார் செனெனிலிருந்து. டிக்கெட்டில் ஸ்டேஷன் பெயரைப் படிக்காமல் கிளம்பக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றிச் சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தள்ளுவண்டியில் வருவது நாசி கோரெங் எனும் வறுத்த சோறு, கோழி, மாட்டிறைச்சி, கப் நூடுல்ஸ். எந்த வகுப்பிலும் சைவத்தை நம்பி ஏற வேண்டாம். ஏறும் முன் டெம்பேயும் (புளிக்கவைத்த சோயாக் கட்டி) டோஃபுவும் பழமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏசி எல்லாப் பெட்டியிலும் நன்றாகவே குளிரும், ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

சுமத்ரா பக்கம் போகிற தமிழர்கள், குறிப்பாக மேடானில் 1884-ல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலையும் கம்போங் மெட்ராஸையும் பார்க்கப் போகிறவர்கள், அங்கே இந்தத் தேர்வுகளையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். புகையிலைத் தோட்டங்களுக்காக டச்சுக்காரர்கள் போட்ட பாதைகள் அவை, நம் ஆட்கள் கூலிகளாகப் போன அதே தோட்டங்கள்தான். பனோரமிக் போன்றவை அங்கே இல்லை, சியந்தார் போகும் வண்டி எகானமிதான், அதுவே போதும்.

கடைசியாக, டிக்கெட் எடுக்கும்போது பெட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது. அக்சஸ் பை கேஏஐ செயலியில் பாஸ்போர்ட் எண் கொடுத்து நாமே எடுக்கலாம். எக்ஸிகியூட்டிவ் என்பதற்குப் பக்கத்தில் ஏ, ஹெச், ஐ, ஜே, எக்ஸ் என்று எழுத்துகள் வரும், அவை விலைப் படிநிலை, பெட்டியின் வசதி அதனால் மாறாது, ஆகவே கிடைக்கிற மலிவானதை எடுங்கள். எகானமியில் இருக்கை வரைபடத்தைத் திறந்து வரிசைகளை எண்ணிப் பாருங்கள்: இரண்டுக்கு இரண்டாக 18 வரிசை என்றால் புதிய 72 இருக்கைப் பெட்டி, 20 வரிசை என்றால் சுழலாத 80, ஒரு பக்கம் மூன்று இருக்கை தெரிந்தால் 106. பனோரமிக் பெட்டி வண்டிக்குப் பெரும்பாலும் ஒன்றுதான், சனி ஞாயிறுக்கும் ஈத் விடுமுறைக்கும் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். அது கிடைக்காமல் போனால் அந்தக் காசை ஆர்கோ விலிஸ் எக்ஸிகியூட்டிவில் போடாமல், லொடாயாவின் காலை வண்டியில் எகானமி ஜன்னல் இருக்கையாகப் பார்த்து எடுத்துவிடுங்கள்.